மலைக்குப் போட்ட கண்ணாடி

அன்று காலை, தண்ணீர் விழும் பீலியடியில் செலினா முதலில் கண்ணாடியைக் கழுவினாள். முகத்தை அதற்குப் பிறகுதான் கழுவினாள். கழுவியதை இரண்டு உதறு உதறி, முந்தானையில் துடைக்காமல், அதற்கென்றே வைத்திருந்த வெள்ளைத் துண்டில் ஒற்றி எடுத்தாள். பக்கத்தில் வாளி நிரம்பக் காத்திருந்த விஜயகலா அடுத்த காம்பரா வீட்டுக்காரி. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பெத்த புள்ளையக்கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டீங்க, அக்கா."

"புள்ள அழுவும். இது அழுவாது."

"ரொபட் அண்ணே, ஒரு தொட்டில் கட்டிக் குடுங்க. ராவைக்குக் கண்ணாடிய அதுல போட்டு ஆட்டட்டும்."

லயத்து வரிசைவீட்டு வாசலில் பாலில்லாத சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்த ரொபர்ட் சிரித்தான். செலினா சிரிக்கவில்லை. பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய இரண்டு துண்டுகளைக் கண்ணாடியின் காதுக் கம்பிகளில் ஒவ்வொன்றாக நுழைத்தாள். கண்ணாடியை மாட்டினாள். தலையில் சேலைத் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை ஏற்றினாள். கயிறு காதுக் கம்பிக்கு மேலாக, ரப்பர் துண்டு இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"ரொட்டி மூடி வச்சிருக்கேன். ஆறுனப்பொறம் தின்னுட்டு, வேகலன்னு சொல்லாதீங்க," என்றாள்.

றக்வானைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் புருஷன் ரொபர்ட்டிடம் கடைசியாகப் பேசியது இதுதான். ரொட்டி நன்றாகத்தான் வெந்திருந்தது.

செலினாவுக்குத் தூரத்துப் பார்வை சிறு வயதிலேயே மங்கல். கையை நீட்டினால் விரல் நுனியே பஞ்சுபோலத் தெரியும் என்பாள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இருபது வயதிலிருந்து கொழுந்து எடுத்தாள். விரல்தான் பார்க்கும், கண் சும்மா கூட வரும். ஆனால் விரலுக்கும் தப்பு வரும். கூடையில் முத்தல் இலை அகப்பட்டால் கங்காணி சவரிநாதன் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டுவான்.

"என்னா செலினா, கண்ண லயத்துல வச்சிட்டு வந்தியா?"

நிறுவை நேரத்தில் வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். கங்காணி சொன்னால் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

மகள் சுகந்தி கல்யாணமாகி எஹலியகொடைக்குப் போன பிறகு, அவள்தான் தாயைப் பிடித்து இழுத்துப்போய்க் கண்ணைக் காட்டினாள். முதலில் வாங்கிய பிளாஸ்டிக் கண்ணாடி ஒரு கிழமை, ஏழு நாள்கூடத் தாங்கவில்லை. தலைக்கயிறு இழுத்த இழுப்பில் காதுக் கம்பி மடக்கென்று போய்விட்டது. அடுத்தது தங்க நிறத்தில் மெல்லிய கம்பி. பார்க்க அழகு. மழையும் வேர்வையும் பட்டுப்பட்டுச் சாயம் உரிந்து, உள்ளேயிருந்த செம்பு பச்சை கக்கியது. காதோரம் புண்ணாகி நீர் வடிந்தது. அப்புறம் ஒரு நாள் பற்றவைத்த இடத்தில் வாய் பிளந்துகொண்டது. "மலைக்குப் போறவளுக்குக் கண்ணாடி எதுக்கு, பூசைக்குப் போட்டுக்க" என்று ஊர் சொன்னது. கொழுந்து எடுக்கிற பெண்களில் கண்ணாடி வைத்திருந்த மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். கூடைக் கயிறு ஏறும்போது கண்ணாடி இறங்கிவிடும். அதுதான் அங்கே வழக்கம்.

செலினா கேட்கவில்லை. ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் புருஷனைக் கூட்டிக்கொண்டு றக்வானைக்கு பஸ் ஏறினாள். ஜுனைதீன் நானாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து, கூடைக் கயிற்றை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

ஜுனைதீன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரொபர்ட்டைப் பார்த்தார். "என்னத்துக்கு இது? என்னக் கட்டிப் போட்டுட்டு அள்ளிட்டுப் போறதுக்கா?"

"இதுக்குத் தாங்குற கண்ணாடி வேணும், நானா."

"தங்கச்சி, முப்பது வருஷமா இந்தத் தொழில் செய்றேன். மூக்குக்கு அளவு பாத்திரிக்கேன், காதுக்கு அளவு பாத்திரிக்கேன். கயித்துக்கு அளவு பாத்ததே இல்ல."

ஆனாலும் மனுஷர் சலிக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார். அவள் ஒவ்வொன்றையும் மாட்டி, மேலே கயிற்றைப் போட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் ரொபர்ட் கையில் கொடுத்து, பின்னால் இழுக்கச் சொன்னாள். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டைட்டானியம் பிரேம் பஞ்சுபோல இருந்தது. உடைந்தால் றக்வானையில் ஒட்ட முடியாது, கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்று ஜுனைதீன் சொன்னதும் அதை வைத்துவிட்டாள். கீலில் ஸ்பிரிங் வைத்தது ஒன்று வந்தது. ரொபர்ட் ஸ்டோர் என்கிற தோட்டத்துத் தேயிலை ஆலையில் மெஷின் பிட்டருக்குக் கையாளாக இருந்தவன். இலைத்தூள் போய் அடைத்த ஸ்பிரிங்குகளை நிறையப் பார்த்தவன். அதை அவன் வேண்டாம் என்றான். கடைசியில் எஞ்சியது துருப்பிடிக்காத ஸ்டீலில், வில்லையைச் சுற்றிலும் முழுச் சட்டம் போட்ட, அகலக் காதுக் கம்பிக்காரன். சாயம் இல்லை, பூச்சு இல்லை, அழகும் இல்லை. கீலில் சாதாரணத் திருகாணி. தளர்ந்தால் வீட்டிலேயே முறுக்கலாம். கயிற்றை ரொபர்ட் பலம் கொண்ட மட்டும் இழுத்தான். கண்ணாடி அசையவில்லை.

"கழுத்துதான் ஒடையும் போலிருக்கு," என்றாள் செலினா. "இதையே குடுங்க."

கயிறு உராய்ந்து கோடு விழாமல் டியூப் போடும் யோசனை ரொபர்ட்டுடையது. பராமரிக்கும் விதத்தை ஜுனைதீன் சொல்லிக்கொடுத்தார். காய்ந்த கண்ணாடியைத் துடைக்கவே கூடாது. முதலில் தண்ணீர், அப்புறம்தான் கை. ஒரு சொட்டுச் சவர்க்காரம். சாமான் விளக்குகிற தூள் ஆகாது. கழற்றும்போது இரண்டு கையாலும் கழற்ற வேண்டும். தலையில் தூக்கி வைக்கக் கூடாது. திருகாணியை முறுக்கியதும் அதன் தலையில் நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தால் மலையில் இறங்கி ஏறுகிற ஆட்டத்தில் கழன்று விழாது.

இதெல்லாம் செலினாவுக்கு ஜெபம்போல ஆகிவிட்டது. மலையிலிருந்து வந்ததும் டியூப்பை உருவி, இலைக்கறை படிந்த கண்ணாடியைப் பீலியில் பிடிப்பாள். மூக்கில் உட்காரும் சிலிக்கன் பொட்டுக்கு அடியிலும் கீலின் இடுக்கிலும் பழைய பல்தூரிகையால் தேய்ப்பாள். மூன்று வருடம் போட்ட கண்ணாடி மூன்று நாள் போட்டதுபோல இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் எதிர்மலை ரோட்டில் வருகிற பஸ் எது என்று சொன்னாள். கோயில் சிலுவையில் காகம் உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். கூடையில் முத்தல் இலை அகப்படுவது நின்றது. சவரிநாதன் அவளைப் பார்த்துச் சிரிப்பதும் நின்றது.

அவள் சாவதற்கு முதல் நாள் பின்னேரம் மலையிலிருந்து வந்தவள், கண்ணாடியைக் கழுவிக்கொண்டே ரொபர்ட்டிடம் சொன்னாள்.

"ஏழாம் நம்பர் மலையில அந்தப் பெரிய சவுக்கு மரம் இருக்கில்ல, அதுல குளவிக் கூடு. நல்ல பெரிசு. உள்ள போறதும் வாரதுமா இருக்கு. கங்காணிகிட்டச் சொன்னேன்."

"என்னா சொன்னான்?"

"அது போன வருசக் கூடு, காஞ்சதுன்னாரு. நான் பறக்குறதப் பாத்தேன்னு சொன்னேன். ஒனக்குக் கண்ணாடி போட்டப்பொறம் இல்லாததெல்லாம் தெரியுதுன்னாரு. விஜயகலாவும் பக்கத்துலதான் நின்னா."

மறுநாள் காலையும் பிரட்டுக் கலைத்து, ஆட்களை ஏழாம் நம்பர் மலைக்கே அனுப்பினார்கள்.

பத்து மணிச் சாயத் தண்ணிக்கு முன்பாக ஸ்டோர் வாசலில் கூச்சல் கேட்டது. ரொபர்ட் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தபோது கொழுந்து லொறியில் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கால் முகத்தை மூடியபடி சிலர் அழுதார்கள். விஜயகலாவின் கைகள் இரண்டும் வீங்கியிருந்தன. செலினா அழவில்லை. குளவி கலைந்ததும் மற்றவர்கள் கூடையை எறிந்துவிட்டு ஓடியிருக்கிறார்கள்; அவள் மரத்துக்கு நேர் கீழே, இரண்டு செடிகளுக்கு நடுவில் நின்றிருக்கிறாள்; கயிற்றைத் தலையிலிருந்து கழற்றுவதற்குள் குளவி முகத்தில் விழுந்துவிட்டது. லொறி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்கு வேலை இருக்கவில்லை.

பின்னேரம் சாவீட்டுக் கூட்டத்தில் சவரிநாதன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ரொபர்ட் கையில் கொடுத்தான். தேயிலைச் செடி அடியில் கிடந்த கண்ணாடி. சேறு அப்பியிருந்தது. ஒரு காதுக் கம்பியில் டியூப் துண்டு இருந்தது, அதில் செத்த குளவி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றத் துண்டு தனியாகப் பொட்டலத்துக்குள் கிடந்தது.

"செடிக்குள்ள கெடந்திச்சு. வேற யாரும் எடுத்துறக் கூடாதுன்னு கொண்டாந்தேன்," என்றான்.

பிரேதம் மறுநாள் வந்தது. முகம் அவளுடைய முகமாக இல்லை. பெட்டியைச் சுற்றி வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். சுகந்திதான் சொன்னாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கண்ணாடியப் போட்டு விடுங்க. போட்டா அம்மா மாதிரி இருக்கும்."

ரொபர்ட் பீலியடிக்குப் போனான். கம்பியிலிருந்த டியூப் துண்டை உருவி, மற்றதோடு சேர்த்து, மலையிலிருந்து வந்திருந்த அவள் கூடைக்குள் போட்டான். முதலில் தண்ணீர், அப்புறம் கை, ஒரு சொட்டுச் சவர்க்காரம். இடுக்கிலிருந்த சேற்றைப் பல்தூரிகையால் எடுத்தான். அவள் துண்டிலேயே ஒற்றினான். கொண்டுவந்து போட்டுப் பார்த்தால் வீங்கிய முகத்தில் காதுக் கம்பிகள் எட்டவில்லை. கயிற்றுக்கு அசையாத கம்பியை அவன் குறடு வைத்து அகலமாக விரித்தான். அது மெல்ல, சத்தமில்லாமல் வளைந்துகொடுத்தது. போட்ட பிறகு கொஞ்சம் செலினாபோல இருந்தாள். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள்.

பெட்டியை மூடும்போது கோயில் உபதேசியார் குனிந்து, "நல்ல சாமானாத் தெரியுது ரொபட்டு. மண்ணுக்குள்ள எதுக்கு? வேற யாருக்காச்சும் ஆகும், எடுத்துருங்க," என்றார். சுகந்தி எடுத்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள்.

சாவு விழுந்த வீட்டில் செத்தவரின் வேலைச் சாமான் தங்கக் கூடாது என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் அதில் கிடையாது. மூன்றாம் நாள் லயத்துப் பெண்கள் வந்து செலினாவின் கூடையையும் கயிற்றையும் படங்கையும் மழைச்செருப்பையும் வாய்க்கால் கானோரம் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். கூடைக்குள் கிடந்த டியூப் துண்டுகளும் அதோடு போயின. ரப்பர் எரிகிற நாற்றம் காம்பராவுக்குள் வந்தது. ரொபர்ட் உள்ளே உட்கார்ந்து, விரிந்துபோன கண்ணாடியைக் குறட்டால் பழையபடி நிமிர்த்திக்கொண்டிருந்தான். வேறென்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கை அந்த வேலையைக் கேட்டது. ஒரு கோடு விழாமல், ஒரு கோணல் தெரியாமல் நிமிர்த்தி, திருகாணியை முறுக்கி, நகப்பூச்சும் வைத்தான்.

மறு கிழமை ஒப்பீசில் விசாரணை வைத்தார்கள். தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரையும் கிளாக்கர் ஐயாவும் மேசைக்கு அந்தப் பக்கம். ரொபர்ட்டும் சவரிநாதனும் விஜயகலாவும் இந்தப் பக்கம். பேச்சு சிங்களத்தில். ரொபர்ட்டுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. கூட்டைச் செலினா பார்த்தாள், முதல் நாள் பின்னேரமே கங்காணியிடம் சொன்னாள். இதை எழுத வேண்டும். செத்தவள் சொல்லிவிட்டுத்தான் செத்தாள் என்பது எங்காவது இருக்க வேண்டும்.

சின்னத்துரை இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். சவரிநாதன் பக்கம் திரும்பி, உண்மையா என்று கேட்டார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல சேர். சொல்லியிருந்தா நான் ஏன் ஆளுகள அங்க அனுப்புறேன்?" சவரிநாதன் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அந்தம்மாவுக்குத் தூரம் தெரியாது சேர். தோட்டத்துக்கே தெரியும். மரத்து உச்சியில இருக்குற கூட்ட எப்படிப் பாத்திருக்கும்?"

"கண்ணாடி போட்டிருந்தா," என்றான் ரொபர்ட்.

"கண்ணாடி இருந்திச்சு. பூசைக்குப் போடும். மலையில கயிறு போடுறதால யாரும் போடுறதில்ல, சேர்."

அப்போது ரொபர்ட்டுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆதாரம் தன் சட்டைப் பையில் இருக்கிறது என்று நினைத்தான். வெள்ளைத் துண்டைப் பிரித்துக் கண்ணாடியை மேசை மேல் வைத்தான். "இது மலையில கெடந்தது. இவருதான் கொண்டாந்து என் கையில குடுத்தாரு."

சவரிநாதன் பார்வையை மறுபடி மேசைக் காலுக்கே இறக்கினான். சின்னத்துரை கண்ணாடியை எடுத்தார். காதுக் கம்பியை மடக்கினார், விரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வில்லையைப் பிடித்துப் பார்த்தார். கீலைப் பார்த்தார். விரலால் சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"மேக அலுத் நே," என்றார். இது புதிசல்லவா என்று அர்த்தம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார்.

மூன்று வருடம் போட்டது என்றான் ரொபர்ட். தினமும் மழையிலும் வெயிலிலும் கயிற்றுக்கு அடியில் மூன்று வருடம் இருந்தால் ஒரு கீறலாவது இருக்காதா என்று கேட்டார் சின்னத்துரை. டியூப் போட்டிருந்தது என்றான். டியூப் எங்கே என்றார். எரித்துவிட்டார்கள் என்றான். சேற்றில் கிடந்தது என்றாயே, சேறு எங்கே என்றார். கழுவிவிட்டேன் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பொய்போலக் கேட்டது.

கிளாக்கர் ஐயா தன் பங்குக்குக் கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். போன வருடம் அடையாள அட்டை புதுப்பித்தபோது ஒப்பீசுக்குக் கொடுத்த படம். "இதுலயும் கண்ணாடி இல்லியே," என்றார். அடையாள அட்டைக்குக் கழற்றச் சொல்வார்கள் என்று ரொபர்ட் சொன்னான். அது சரி என்று அவரும் தலையாட்டிவிட்டுப் படத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

எஞ்சியிருந்தவள் விஜயகலா. அவள் கைகளில் வீக்கம் வற்றித் தோல் உரிந்துகொண்டிருந்தது. செலினா சொன்னதைக் கேட்டாயா என்றார்கள்.

"நான் அன்னைக்குக் கொழுந்த நிறுத்துட்டு வெரசாப் போயிட்டேன்," என்றாள். "கவனிக்கல."

திரும்பி வரும் வழியில் ரொபர்ட் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பீலியடியில் அவளாகவே வந்து நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நாளைக்கும் அதே கங்காணிகிட்டத்தானே நான் கொழுந்து நிறுக்கணும்."

அவன் தலையாட்டினான். அவள் இப்போது சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவனுக்குக் கசந்தது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு ஜுனைதீன் கடைக்குப் போனான். ஜுனைதீன் விஷயத்தைக் கேட்டு, எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை விளக்குக்குக் கீழே வைத்து, உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"திருகாணிட தலை தேஞ்சி இரிக்கி. எத்தனை தடவ முறுக்கினதோ. கீலுக்குள்ள ஓட்டை நீளமா ஆகி இரிக்கி. இது தெனமும் போட்ட சாமான், தம்பி. எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்."

"கோர்ட்டு வேணாம் நானா. இதையே ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ஒப்பீசுல காட்டுறேன்."

ஜுனைதீன் உருப்பெருக்கியைக் கழற்றினார். கழற்றி, பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினார்.

"எழுத்துல வேணாம் தம்பி. கோவிச்சிக்காதீங்க. ஒங்கட தோட்டத்துல அடுத்த மாசம் கண் பரிசோதனை வைக்கிறாங்க. கண்ணாடி எல்லாம் எங்கட கடையால தான் போகுது. நேத்துத்தான் பேசினாங்க." பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "மையத்து வீட்டுக்கு, அடக்கத்துக்கு வரணும்னு நெனச்சேன், வர ஏலாமப் போச்சு," என்றார். தேத்தண்ணி வரவழைத்தார். ரொபர்ட் குடித்துவிட்டு வந்தான். குடிக்காமல் வந்திருக்கலாம் என்று பஸ்ஸில் நினைத்தான்.

முடிவைச் சின்னத்துரை கூப்பிட்டுச் சொன்னார். பார்வைக் குறைபாடுள்ள தொழிலாளி கண்ணாடி அணியாமல் வேலை செய்தபோது கூட்டைக் கவனிக்காமல் கலைத்திருக்கிறார். தோட்டம் வருந்துகிறது. இனிமேல் இப்படி நடக்காமலிருக்க எல்லோருக்கும் இலவசமாகக் கண் பார்ப்பார்கள். கூட்டையும் அந்தக் கிழமையே ஆள் வைத்துப் புகை போட்டு எடுத்துவிட்டார்கள். ஒரு பின்னேர வேலைதான் அது.

கண் பரிசோதனை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா மண்டபத்தில் நடந்தது. வாசலில் செலினாவின் படம் போட்ட பதாகை கட்டியிருந்தார்கள். 'நினைவாக' என்று மூன்று மொழியிலும் இருந்தது. மேசையில் ஜுனைதீன் கடைப் பிரேம்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் தங்க நிறம், மெல்லிய கம்பி. எத்தனை மாதத்தில் பச்சை கக்கும் என்று மேசைக்குப் பின்னால் நின்ற ஜுனைதீனுக்கும் தெரியும், முன்னால் நின்ற ரொபர்ட்டுக்கும் தெரியும். இருவரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள்.

பேச்சுகள் முடிந்த பிறகு சின்னத்துரை ரொபர்ட்டைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனதோடுதான் கூப்பிட்டார், அவருடைய தமிழில், "ரொபட், உங்க வீட்டு கண்ணாடி ரொம்ப நல்லா வச்சிருந்ததுதானே. எப்படி வச்சிக்கிறதுன்னு இவங்களுக்குச் சொல்லிக் குடுங்க," என்றார்.

போகமாட்டேன் என்றுதான் ரொபர்ட் நினைத்தான். கால் போய்விட்டது. மேடையில் நின்று சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கையில் பிடித்தான். முன் வரிசையில் சவரிநாதன். அவனுக்குப் பின்னால் விஜயகலா, புதுக் கண்ணாடியோடு.

"காஞ்ச கண்ணாடியத் தொடைக்காதீங்க," என்றான். "மொதல்ல தண்ணி, அப்பொறம் கை. ஒரு சொட்டுச் சவுக்காரம் போதும். கழட்டுறப்ப ரெண்டு கையாலயும் கழட்டுங்க. திருகாணிய அப்பப்ப முறுக்குங்க. மலைக்குப் போட்டுட்டுப் போறவங்க கயிறு படுற எடத்துல சைக்கிள் டியூப் வெட்டிப் போடுங்க."

சின்னத்துரை தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு. ரொம்பச் சுத்தமா வச்சிக்காதீங்க. கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும். நாலு கீறல் இருக்கட்டும். செத்துப்போனா, இதப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்கன்னு தெரியணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. துக்கத்திலும் மனுஷன் பகிடி விடுகிறானே என்று சிரித்தார்கள். முழுவதும் புரியாத சின்னத்துரையும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துச் சவரிநாதன் சிரித்தான். விஜயகலா மட்டும் புதுக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைக்கத் தொடங்கினாள். ஜுனைதீன் மேசை மேலிருந்த பிரேம்களை, அடுக்கியவற்றையே மறுபடி அடுக்கினார்.

ரொபர்ட் இறங்கி வீட்டுக்கு வந்தான். சுகந்தி வந்திருந்தாள். தாயின் தகரப் பெட்டியைத் திறந்து, கோயிலில் நினைவுப் பூசைக்குக் கொடுக்க ஒரு படம் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டூடியோவுல போன வருசம் எடுத்ததுல மிச்சம் இருக்கு அப்பா. இது ஆகுமா?"

அடையாள அட்டைக்கு எடுத்த அதே படம். பதாகைக்குப் பெரிதாக்கியபோது முகத்தைத் துப்புரவாக்கி வெளுப்பாக்கியிருந்தார்கள். இதில் யாரும் கை வைக்கவில்லை. ரொபர்ட் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். படம் பிடிக்கிறவர் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருப்பாள். கண் இரண்டும் எதையும் குறிப்பாகப் பார்க்காமல் முன்னால் விழித்திருந்தன. மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும், கண்ணோரத்துக்குச் சற்றுக் கீழே, அரிசி அழுந்திய அளவில் இரண்டு பள்ளங்கள் இருந்தன.